எதை எதால் அளப்பது? வீட்டு அளவுக் கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பொருளுக்கு எந்தக் கருவி என்று எப்படி முடிவு செய்வது?

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பொருள் பெரியதா சிறியதா என்பது இரண்டாம் பட்சம். ஒரே ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். திரைச்சீலை 1 செ.மீ. கூடினாலும் குறைந்தாலும் யார் கண்ணிலும் படாது. தையல் டேப் போதும். அதே ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டும்போது 2 மி.மீ. கூடிவிட்டால் அது சட்டத்துக்குள் இறங்காது. அங்கே ஸ்டீல் டேப் வேண்டும், மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து ஆகச் சிறிய அளவை எடுக்க வேண்டும்.

வேலை எவ்வளவு பிழையைப் பொறுக்குமோ, அதில் மூன்றில் ஒரு பங்கையாவது கருவியின் மிகச் சிறிய கோடு காட்ட வேண்டும். 3 மி.மீ. பொறுக்கும் வேலைக்கு மில்லிமீட்டர் கோடுள்ள டேப். 0.3 மி.மீ. என்றால் வெர்னியர் காலிப்பர், அதாவது தாடைகளால் பொருளைக் கவ்விப் பிடித்து அளக்கும் கருவி. அதற்கும் கீழே போனால் ஸ்க்ரூ கேஜ், அதாவது திருகு முனையால் பொருளை நெருக்கி அளக்கும் கருவி. மோட்டாருக்குக் கம்பி சுற்றுபவர், லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர் தவிர மற்றவர் வீட்டில் அது பெட்டியிலேயே தூங்கும்.

5 மீட்டர் ஸ்டீல் டேப், 30 செ.மீ. எஃகு ஸ்கேல், ஒரு தையல் டேப், 150 மி.மீ. காலிப்பர், 1 கிராம் வரை காட்டும் 5 கிலோ சமையல் தராசு. வீட்டு வேலையில் பெரும்பகுதி இவற்றிலேயே முடிந்துவிடும்.

டேப் நுனியில் உள்ள கொக்கி லொடலொடவென ஆடுகிறது. அடித்து இறுக்கிவிடலாமா?

கூடாது. அது ஆடுவதற்காகவே செய்யப்பட்டது. கொக்கித் தகடு சுமார் 1 மி.மீ. தடிமன்; ஆணிகள் இருக்கும் துளைகளும் அதே அளவுக்கு நீளமாக வெட்டப்பட்டிருக்கும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே நகர்ந்து, அதன் உட்பக்கம் பூச்சியமாகிறது. சுவரில் முட்டி அளந்தால் உள்ளே நகர்ந்து, வெளிப்பக்கம் பூச்சியமாகிறது. அடித்து இறுக்கினால் இரண்டில் ஒன்று எப்போதும் 1 மி.மீ. பொய் சொல்லும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வளைந்த கொக்கியைப் பற்றித்தான். டேப்பை முழு வேகத்தில் சுருள விடுவதாலும், கை தவறி விழுவதாலும் அது வளையும். சோதிப்பது எளிது: எஃகு ஸ்கேலின் முனையில் கொக்கியை மாட்டி, இரண்டிலும் 30 செ.மீ. கோடு நேராக வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்கேலின் முனையையும் கொக்கியையும் சுவரில் முட்ட வைத்து அதையே பாருங்கள்.

அலமாரி உள் அகலம் போன்றவற்றை அளக்கும்போது டேப்பை மூலையில் மடக்கி உத்தேசமாக வாசிப்பதில்தான் அதிகப் பிழை வருகிறது. பெரும்பாலான டேப் பெட்டிகளில் பெட்டியின் நீளம் அச்சிடப்பட்டிருக்கும். பெட்டியின் முதுகை எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்து, வாயில் தெரியும் எண்ணோடு அந்த நீளத்தைக் கூட்டுங்கள்.

தச்சர் நூல் கணக்கில் சொல்கிறார். கடைக்காரர் மி.மீ. கேட்கிறார். எப்படி மாற்றுவது?

1 அங்குலம் 25.4 மி.மீ. அங்குலத்துக்கு 8 நூல். ஆக 1 நூல் 3.175 மி.மீ. டேப்பின் அங்குலப் பக்கத்தில் ஓர் அங்குலம் 16 கோடுகளாகப் பிரிந்திருந்தால், இரண்டு சிறு கட்டம் சேர்ந்தது ஒரு நூல். 4 அடி 3 அங்குலம் 5 நூல் என்றால் 1219.2 + 76.2 + 15.9, அதாவது ஏறக்குறைய 1311 மி.மீ.

கால்குலேட்டரில் 5 அடி 6 அங்குலத்தை 5.6 என்று போடுபவர்கள் நிறையப் பேர். 5.6 அடி என்பது 5 அடி 7.2 அங்குலம், 5 அடி 6 அங்குலத்துக்கு 5.5 போட வேண்டும். கதவு ஆர்டர் கொடுக்கும்போது இந்தத் தவறு அங்குலக் கணக்கில் அடிக்கும். ஒரு வேலையை எந்த அலகில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள். மாற்றுவது ஒரே ஒரு முறை, கடைசியில்.

பள்ளிக்கூட ஸ்கேலும் எஃகு ஸ்கேலும் ஒன்றுதானே?

இல்லை. பிளாஸ்டிக் ஸ்கேலில் பூச்சியம் விளிம்பிலிருந்து சில மி.மீ. தள்ளித் தொடங்கும், எஃகு ஸ்கேலில் விளிம்பே பூச்சியம். அதனால் ஒரு துளையின் ஆழத்தையோ, சுவரிலிருந்து குழாய் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையோ எஃகு ஸ்கேலால்தான் நேரடியாக அளக்க முடியும். முனை தேய்ந்திருந்தால் 10 செ.மீ. கோட்டில் தொடங்கி அளந்து 10-ஐக் கழிக்கலாம். கழிக்க மறப்பதும் வழக்கம்தான், எனவே 10 என்பதைத் தாளில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

காலிப்பர் எப்போது தேவை? எப்படிப் பிடிப்பது?

உருண்டையானது எதுவானாலும் காலிப்பரைத் தேடுங்கள். குழாய், போல்ட், பேரிங், வாஷர், பாட்டில் மூடி இவற்றின் விட்டத்தை ஸ்கேல் வைத்துக் கண்ணால் பார்த்தால் ஒரு மி.மீ. பிழை சாதாரணம். பலகைத் தடிமனும் அப்படித்தான்: 18 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் பல நேரம் அதற்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும், டேப்பில் அது தெரியாது.

காலிப்பரில் அளக்கும் இடங்கள் மூன்று. பெரிய தாடைகள் வெளி அளவுக்கு, மேலே உள்ள சிறிய தாடைகள் உள் அளவுக்கு, வாலில் நீளும் மெல்லிய கம்பி ஆழத்துக்கு. முதலில் தாடைகளைத் துடைத்து மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். டிஜிட்டல் என்றால் அப்போதே பூச்சியமாக்குங்கள். பொருளைத் தாடையின் நுனியில் பிடிக்காமல், அளவுச் சட்டத்துக்கு அருகில், ஆழமாகப் பிடியுங்கள். நகரும் தாடை நூலிழை அளவுக்குச் சாயக்கூடியது; நுனிக்குப் போகப் போக அந்தச் சாய்வு பிழையாகப் பெருகும். வெளி விட்டம் எடுக்கும்போது மெல்ல ஆட்டிப் பார்த்து ஆகச் சிறிய எண்ணை எடுங்கள். துளையின் உள் விட்டத்துக்கு நேர்மாறு: ஆகப் பெரிய எண். மிகச் சிறிய துளைகளில் உள் தாடையின் தட்டை முனை வளைவோடு ஒட்டாததால் அளவு கொஞ்சம் குறைத்தே காட்டும்.

கண்ணால் படிக்கும் வெர்னியரில் நகரும் சிறு அளவுகோலின் பூச்சியம் முதன்மை அளவுகோலின் 21-ஐத் தாண்டி நிற்கிறது, அந்தச் சிறு அளவுகோலில் 15-வது கோடு மேல் கோட்டோடு நேராகப் பொருந்துகிறது, மீச்சிற்றளவு (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) 0.02 என்றால், 15 × 0.02 = 0.30, அளவு 21.30 மி.மீ.

டிஜிட்டல் காலிப்பர் 0.01 வரை எண் காட்டும். கடைசி இலக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். நல்ல கருவியிலும் 0.02, 0.03 மி.மீ. அங்கே இங்கே இருக்கும். எண்கள் மினுங்கினாலோ, தாமாக மாறினாலோ பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. 1.04 என்று காட்டுகிறதே, பொருள் அதைவிடப் பெரியதாயிற்றே என்று தோன்றினால் கை பட்டு அங்குல பட்டன் மாறியிருக்கும்.

அரை இஞ்ச் பைப்பை அளந்தால் அரை இஞ்ச் எங்கேயும் வரவில்லை. ஏன்?

அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. ஆனால் குழாய்க் கடையில் அது ஒரு பெயர் மட்டுமே. வெள்ளை நிற யு.பி.வி.சி. அரை இஞ்ச் குழாயின் வெளி விட்டம் 21.3 மி.மீ.; முக்கால் இஞ்ச் 26.7, ஒரு இஞ்ச் 33.4. வெந்நீர் ஓடும் இளமஞ்சள் நிற சி.பி.வி.சி. குழாயில் அதே பெயர்களுக்கு 15.9, 22.2, 28.6. விவசாயத்துக்கு விற்கும் பி.வி.சி. குழாய்களோ 20, 25, 32 என்று வெளி விட்டத்தை மி.மீ.யிலேயே பெயராகக் கொண்டவை. இவை ஒன்றின் இணைப்பு இன்னொன்றில் சேராது.

இப்போது கவனியுங்கள்: அரை இஞ்ச் யு.பி.வி.சி. 21.3, முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. 22.2. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. தவறான கப்ளிங் (இரு குழாயை இணைக்கும் துண்டு) வாங்கி வந்து, உள்ளே போகாமலோ லொடலொடத்தோ நிற்பது இதனால்தான். இடைவெளியைப் பசை நிரப்பும் என்று ஒட்டினால், மோட்டார் போட்டதும் அழுத்தத்தில் கசியும்.

காலிப்பர் இல்லையென்றால் சுற்றளவை அளங்கள். 1 செ.மீ. அகலத் தாள் பட்டை ஒன்றைக் குழாயில் நேராக, சாயாமல், இறுக்கமாகச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் பேனா முனையால் குத்துங்கள். பிரித்து இரண்டு குத்துகளுக்கு இடையே அளங்கள். யு.பி.வி.சி. அரை இஞ்ச் என்றால் 67 மி.மீ. சி.பி.வி.சி. முக்கால் இஞ்ச் என்றால் 70. விட்டத்தில் 0.9 ஆக இருந்த வித்தியாசம் சுற்றளவில் சுமார் 3 மி.மீ. ஆகிவிட்டது, சாதா ஸ்கேலே காட்டிக்கொடுக்கும். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். வீட்டுக் குழாய் வேலையில் இதைவிடச் சிக்கனமான முறை கிடையாது.

வளையல் அளவு 2.4, 2.6 என்கிறார்கள். இது சென்டிமீட்டரா, அங்குலமா?

அங்குலம்தான், ஆனால் தசமம் இல்லை. புள்ளிக்குப் பின்னால் வருவது பதினாறில் எத்தனை என்பது. 2.4 என்றால் 2 அங்குலமும் 4/16-ம். உள் விட்டம் 57.2 மி.மீ. 2.6 என்றால் 60.3, 2.8 என்றால் 63.5, அடுத்தது 2.10, அதாவது 66.7 மி.மீ. 2.10 என்பது 2.8-ஐவிடப் பெரியது என்பதில்தான் இணையத்தில் வாங்குபவர்கள் தடுமாறுகிறார்கள்.

நன்றாகப் பொருந்தும் பழைய வளையல் ஒன்றின் உள் விட்டத்தைக் காலிப்பரின் உள் தாடையாலோ, எஃகு ஸ்கேலாலோ இரண்டு திசையில் அளங்கள். பொன் வளையல் நாளடைவில் நீள்வட்டமாகியிருக்கும். இரண்டின் சராசரியை எடுங்கள். அளவுகளுக்கு இடையே 3 மி.மீ. இடைவெளி இருப்பதால் ஸ்கேலே போதும். மோதிரத்துக்கு அது போதாது. விட்டத்தில் அரை மி.மீ. மாறினாலே விரலில் இறங்காது அல்லது கழன்று விழும், எனவே காலிப்பர், இல்லையென்றால் நகைக்கடையில் இருக்கும் வளையக் கொத்து. நூலை விரலில் சுற்றி அளப்பதை விட்டுவிடுங்கள். நூல் இழுபடும், விரல் அமுங்கும்.

தாள், மெல்லிய கம்பி போன்றவற்றை ஸ்கேலால் அளக்க முடியுமா?

ஒன்றை முடியாது, பலவற்றைச் சேர்த்து முடியும். 100 தாளை அழுத்திப் பிடித்து அளந்து 100-ஆல் வகுத்தால், ஸ்கேலின் அரை மி.மீ. பிழையும் 100-ஆல் வகுபட்டுவிடும். செம்புக் கம்பியைப் பென்சிலில் இடைவெளி இல்லாமல் 20 சுற்றுச் சுற்றி, சுருளின் நீளத்தை 20-ஆல் வகுங்கள். கேஜ் என்பது கம்பித் தடிமனைக் குறிக்கும் எண்: 18 கேஜ் கம்பி 1.22 மி.மீ., 20 கேஜ் 0.91, 22 கேஜ் 0.71, 20 சுற்றுக்கு 24.4, 18.3, 14.2 மி.மீ. என்று தெளிவாகப் பிரிந்து நிற்கும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்.

அடுத்தடுத்த கேஜ்களைப் பிரிக்க வேண்டும், மோட்டார் ரீவைண்டிங்குக்கு வேண்டும் என்றால் ஸ்க்ரூ கேஜுக்குப் போங்கள். கம்பியின் எனாமலை நெருப்பிலோ மணல்தாளிலோ நீக்கிவிட்டு, ராட்செட் முனையை (போதிய அழுத்தம் வந்ததும் வழுக்கும் சிறு திருகை) மட்டும் திருகி, இரண்டு மூன்று ‘டிக்’ கேட்டதும் நிறுத்துங்கள். தடித்த உருளையைப் பிடித்து முறுக்கினால் செம்பு நசுங்கும், அளவு குறையும்.

சமையலுக்குக் கப் நல்லதா, தராசு நல்லதா?

தண்ணீர், பால், எண்ணெய்க்கு அளவுக் கோப்பை. மாவுக்குத் தராசு. ஒரே 240 மி.லி. கப்பில் மைதாவைக் கரண்டியால் மெதுவாகப் போட்டு மேலே வழித்தால் 120 கிராம் சொச்சம். கப்பையே மாவில் குத்தி அள்ளினால் 150 வரை போகும். கேக் கல்லாகிப் போவதற்கு இந்த 30 கிராம் போதும். அரிசி, பருப்புக்கு அந்தக் கவலை இல்லை. ஒரே டம்ளரால் அரிசியையும் தண்ணீரையும் அளக்கும்வரை டம்ளர் எத்தனை மி.லி. என்பதே தேவையில்லை. இட்லிக்கு நாலுக்கு ஒன்று போடுபவர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். இரண்டு வெவ்வேறு பாத்திரங்களைக் கலந்து பயன்படுத்தும்போதுதான் குழப்பம் வரும். ரைஸ் குக்கரோடு வரும் கோப்பை பெரும்பாலும் 180 மி.லி. அளவில் இருக்கும், அதை 240 மி.லி. கப் என்று நினைத்துவிட வேண்டாம்.

தராசில் மி.லி. பட்டன் இருந்தால் அது தண்ணீருக்கான கணக்கு. 1 லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம், பாக்கெட்டிலேயே அப்படி அச்சிட்டிருப்பார்கள். தேனோ 100 மி.லி.க்கு 140 கிராம் பக்கம் வரும்.

உப்பைச் சிறிது சிறிதாகத் தூவினால் தராசு 0-விலேயே நிற்கிறதே?

பழுது இல்லை. காற்று, சூடு ஆகியவற்றால் எண் மெல்ல நகராமல் இருக்க, பூச்சியத்தின் அருகே ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தைத் தராசு தானாகவே அழித்துவிடும். கிள்ளிக் கிள்ளிப் போடும் உப்பையும் அது அப்படித்தான் நினைக்கிறது. உப்பைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மொத்தமாகக் கொட்டுங்கள். அல்லது உப்பு டப்பாவையே தராசில் வைத்து டேர் பட்டனை (எண்ணைப் பூச்சியமாக்குவது) அழுத்தி, வெளியே எடுக்க எடுக்கக் கழித்தல் குறியோடு குறைவதைப் பாருங்கள்.

3 கிராம் ஈஸ்ட் அளக்க 1 கிராம் தராசு உதவாது. அரை கிராம் தப்பினாலும் ஆறில் ஒரு பங்கு பிழை. அதற்கு 0.1 அல்லது 0.01 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். அதில் அளவுக்கு மேல் ஏற்றினால் உள்ளே இருக்கும் உணரி வளைந்து வீணாகலாம், மேல் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசு சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாமா?

நாணயம் போதும். 2011 முதல் வந்த, ரூபாய்க் குறியுள்ள 5 ரூபாய் நாணயம் 6 கிராம். பத்து சேர்த்தால் 60. 2019 வரிசை 5 ரூபாய் 6.74 கிராம், கலந்துவிடாதீர்கள். அதிக எடைக்கு, அளவுக் கோப்பையில் 500 மி.லி. தண்ணீர் ஊற்றினால் 500 கிராமுக்கு ஒட்டி வர வேண்டும். அதே பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் கால் சமமில்லை அல்லது தட்டு எங்கோ உரசுகிறது. காலிப்பருக்கும் ஒரு சோதனை இருக்கிறது: வங்கி அட்டையின் நீளம் 85.6 மி.மீ., அகலம் 54. ஸ்கேலுக்கு ஏ4 தாள்: 297-க்கு 210.

கடைத் தராசு வேறு விஷயம். விற்பனைக்குப் பயன்படும் மின்னணுத் தராசில் ஆண்டுதோறும் அரசு முத்திரை புதுப்பிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. சமையல் தராசை வைத்து எதையும் விற்கக் கூடாது.

குழந்தைக்கு மருந்து கொடுக்க டீஸ்பூன் போதாதா?

போதாது. 1 டீஸ்பூன் என்பது 5 மி.லி. என்றாலும் வீட்டுக் கரண்டிகள் அந்த அளவில் செய்யப்பட்டவை அல்ல. ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்ச் வாங்குங்கள், குறிப்பாக 5 மி.லி.க்குக் குறைந்த அளவுகளுக்கு. மருந்தை உறிஞ்சியபின் முனையை மேலே பிடித்துத் தட்டி, காற்றுக் குமிழை வெளியேற்றி, ரப்பர் முனையில் மருந்தைத் தொடும் மேல் விளிம்பு எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பாருங்கள். மூடிக் கோப்பையில் அளந்தால் அதை மேசையில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்; நடுவில் குழிந்திருக்கும் அடிமட்டம்தான் அளவு. ஒரு மருந்தின் கோப்பையை இன்னொரு மருந்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

எண்ணெய்ச் சூட்டைத் துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டரால் பார்க்கலாமா?

எண்ணெயின் மேற்பரப்பை நோக்கிப் பிடித்தால் ஓரளவு சரியாக வரும். பளபளக்கும் எவர்சில்வர் கடாயை நோக்கினால் சுட்டெரிக்கும் பாத்திரத்தையும் குளிர்ச்சி என்று காட்டும். அகச்சிவப்புக் கதிரைப் பளபளப்பான உலோகம் குறைவாகவே உமிழும், சுற்றுப்புறத்தைக் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டும். பல கருவிகள் 12 செ.மீ. தள்ளியிருந்தால் 1 செ.மீ. வட்டத்தின் சராசரியை எடுக்கின்றன, தூரம் கூடினால் வட்டமும் விரியும்.

வடைக்கு 170–180 டிகிரி செல்சியஸ் வேண்டுமென்றால் கம்பி முனை உள்ள சமையல் தெர்மாமீட்டரை எண்ணெயில் 2, 3 செ.மீ. இறக்குங்கள், அடி தொடாமல். அதைச் சோதிக்க நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து கிளறினால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100 வரும் என்பது கடற்கரை ஊர்க் கணக்கு; ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். காய்ச்சல் தெர்மாமீட்டரைச் சூடான பாலில் விடுபவர்களும் உண்டு. அது ஏறக்குறைய 43 டிகிரி வரைக்குமே ஆனது.

அறை அளக்க லேசர் கருவி வாங்கலாமா?

ஆள் துணையில்லாமல் அளக்க அருமையானது, 2 மி.மீ. பிழைக்குள் இருக்கும். வெயிலில் புள்ளி தெரியாது, கண்ணாடியிலும் கறுப்பு மேற்பரப்பிலும் தடுமாறும். முன் விளிம்பிலிருந்தா, பின் விளிம்பிலிருந்தா என்ற அமைப்பு மாறிவிட்டால் கருவியின் நீளம் முழுக்கப் பிழையாகும், 10 செ.மீ.க்கு மேல்கூட. திரையின் ஓரத்தில் உள்ள சிறு அம்புக்குறி அதைத்தான் சொல்கிறது.

மூலை சதுரமா என்பதை எந்த நீளமும் சொல்லாது. ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்துக் குறுக்கே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். ரசமட்டத்தை நம்புமுன் ஒரு முறை முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழ் அதே இடத்தில் நின்றால் மட்டம் நல்லது. இரண்டு அறை தள்ளி மட்டம் கொண்டுபோக டியூபில் தண்ணீர் நிரப்பும் பழைய முறையே மேல், உள்ளே காற்றுக் குமிழ் இல்லாதவரை.

பெட்டி எடையை விமான நிலையம் போகுமுன் பார்ப்பது எப்படி?

ஆள் எடை பார்க்கும் மிஷினில் பெட்டியோடு ஏறி, பிறகு பெட்டியில்லாமல் ஏறிக் கழியுங்கள். பெட்டியை மட்டும் வைத்தால் பல மிஷின்கள் அணைந்துவிடும், அல்லது பெட்டி எண்ணை மறைக்கும். மிஷின் டைல்ஸ் தரையில் இருக்கட்டும். கம்பளத்தில் வைத்தால் கால்கள் அமுங்கித் தவறாகக் காட்டும். 7 கிலோ கைப்பைக்கு இந்த முறையில் அரை கிலோ வரை பிழை வரலாம், அதற்குக் கொக்கித் தராசு.